பழனி ரோட்டில் ஸ்டீயரிங் உதறுதா? ஜி.டி.நாயுடு கதையைப் படிச்சுட்டு மெக்கானிக்கிட்ட போங்க!

ஞாயிற்றுக்கிழமை காலை. திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குக் குடும்பத்தோடு கிளம்பியாச்சு. ஊரைத் தாண்டி ரெட்டியார்சத்திரம் வரை எந்தப் பிரச்னையும் இல்லை. ரோடு காலியாக இருக்கிறதே என்று ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்கள். 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் லேசாக உதற ஆரம்பிக்கிறது. 90-ல் கை கூசுகிறது. வேகத்தைக் குறைத்தால் எதுவுமே நடக்காத மாதிரி அமைதியாகிவிடுகிறது.

நம்மில் பலர் அப்போது என்ன செய்வோம்? பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைப்போம். ஒட்டன்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தும்போது நண்பர்கள் குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டுவோம். ஒருத்தர் அலைன்மென்ட் என்பார், இன்னொருத்தர் இன்ஜின் மவுண்டிங் என்பார், மூணாவது ஆள் வண்டியையே மாத்திடு என்பார். நாலு பேர், நாலு வைத்தியம். கடைசியில் ஒவ்வொரு பார்ட்டாக மாற்றி, பாக்கெட் காலியான பிறகும் உதறல் அப்படியே இருக்கும்.

இதே பழனிக்கு, நூறு வருஷத்துக்கு முன்னாடி, பொள்ளாச்சியில் இருந்து ஒருத்தர் பஸ் ஓட்டினார். அந்த பஸ்ஸுக்கு முதலாளியும் அவரே, டிரைவரும் அவரே. ஆரம்பப் பள்ளியைத் தாண்டாத படிப்பு. ஆனால் மெஷின் என்று ஒன்று கையில் கிடைத்தால், அதைக் கடைசி நட்டு வரை கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். அவர்தான் ஜி.டி.நாயுடு.

மோட்டார், ரேஸர், ரேடியோ என்று அவருடைய கண்டுபிடிப்புகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றைவிடப் பெரிதாக அவரிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பழுது எங்கே என்று தெரியாமல் கை வைக்காதே. தெரிந்துகொள்ள ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார். அவர் வாழ்க்கை முழுக்க ஓடுவது இந்த ஒரு குணம்தான். உங்கள் கார் உதறலுக்கும் அதுதான் மருந்து.

மோட்டார் பைக்கில் விழுந்த மனசு

கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் என்கிற கிராமத்தில் 1893 மார்ச் 23-ம் தேதி பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே அம்மாவை இழந்தவர். பள்ளிக்கூடத்தில் உட்காரவைப்பதே பெரும்பாடு. வாத்தியார் மேல் மண்ணை வாரி வீசிவிட்டு ஓடிய கதையெல்லாம் இன்றும் கோவையில் சொல்வார்கள். படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றது. அப்புறம் வயல் வேலை.

ஒருநாள் ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் 'ரட்ஜ்' மோட்டார் சைக்கிளில் வந்ததை இளைஞர் துரைசாமி பார்த்தார். இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரான வண்டி. மாடு இல்லை, குதிரை இல்லை, மிதிக்கவும் வேண்டாம், தானாக ஓடுகிறது. அந்த நிமிஷமே மனசு அதில் விழுந்துவிட்டது.

வாங்கப் பணம்? கோயம்புத்தூருக்குப் போய் ஒரு ஹோட்டலில் சர்வராகச் சேர்ந்தார். இலை போட்டு, தண்ணீர் வைத்து, காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய்க்கு அந்த மோட்டார் சைக்கிளையே வாங்கினார். நாமாக இருந்தால் முதலில் ஊரைச் சுற்றியிருப்போம். அவர் செய்தது வேறு. வண்டியை அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றினார். பிறகு திரும்ப மாட்டினார். அதுதான் அவருடைய இன்ஜினீயரிங் காலேஜ்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். ரட்ஜ் ஒற்றை சிலிண்டர் வண்டி. ஒற்றை சிலிண்டர் என்றாலே உதறல் கூடப் பிறந்தது. பிஸ்டன் மேலே வேகமாகப் போய், நின்று, திரும்பிக் கீழே வருகிறது. ஒவ்வொரு முறை அது திசை மாறும்போதும் வண்டியின் மொத்த உடம்பையும் ஒரு இழு இழுக்கும். எதிர்ப்பக்கம் எடை வைத்து ஓரளவு அடக்கலாம். முழுசாக அடக்க முடியாது. ஆகவே அந்த மாதிரி வண்டியோடு பழகுகிற யாருக்கும் முதல் பாடம், எது வண்டியின் பிறவிக் குணம், எது புதிதாக வந்த நோய் என்று கையாலும் காதாலும் பிரித்து அறிவது.

இன்றைக்கும் அது செல்லும். இப்போது வருகிற பல சின்ன கார்களில் 3 சிலிண்டர் இன்ஜின்தான். சிக்னலில் நிற்கும்போது லேசாக அதிர்வது அதன் இயல்பு. போன மாசம் இல்லாத அதிர்வு இந்த மாசம் வந்திருந்தால்தான் அது நோய்.

பருத்தியில் போனது, பஸ்ஸில் வந்தது

முதல் உலகப்போர் சமயத்தில் நாயுடு திருப்பூரில் பருத்தித் தொழிலில் இறங்கினார். நல்ல பணம் பார்த்தார். அந்தத் தைரியத்தில் பம்பாய்க்குப் போய் பருத்தி வியாபாரம் செய்தார். அங்கே மொத்தமும் போனது. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

அப்போது கைகொடுத்தவர், கோவையில் ஆலை, காபி எனப் பல தொழில்கள் நடத்திய ராபர்ட் ஸ்டேன்ஸ் என்கிற ஆங்கிலேயர். இந்த இளைஞனின் கைவேலையில் அவருக்கு நம்பிக்கை. கடன் கொடுத்து ஒரு பஸ் வாங்க உதவினார். 1920-ல் அந்த ஒரே பஸ் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஓட ஆரம்பித்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்தது நாயுடுவேதான்.

ஏன் பழனி? மேப்பைத் திறந்து பாருங்க, புரியும். பொள்ளாச்சிக்கு ரயில் 1915-லேயே வந்துவிட்டது. ஆனால் திண்டுக்கல்லையும் பழனியையும் பொள்ளாச்சியோடு இணைத்த ரயில் பாதை 1928-ல்தான் திறந்தது. இடையில் இருந்த அந்த வருஷங்களில், முருகனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மாட்டு வண்டி அல்லது கால்நடை. தைப்பூசம், பங்குனி உத்திரம் என்றால் கேட்கவே வேண்டாம். கூட்டம் நிச்சயம் உள்ள ரூட், போட்டிக்கு ரயில் இல்லை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

ஆனால் ஒற்றை பஸ்காரனுக்கு ஒரு பெரிய பயம் உண்டு. வண்டி நின்றால் அன்றைய வருமானம் நின்றது. கடன் நிற்காது. மாற்று பஸ் கிடையாது. வழியில் தள்ளி நிறுத்திவிட்டு போன் போட்டால் வந்து தூக்கிப்போக ஆளும் கிடையாது.

அந்தக் காலத்து பஸ்களுக்கு மரக் கூண்டு, பட்டை ஸ்பிரிங், கப்பி ரோடு. குலுங்காத நேரமே கிடையாது. குலுக்கல் என்றால் வெறும் அசௌகரியம் மட்டுமில்லை. குலுங்கக் குலுங்க நட்டு தளரும். நட்டு தளர்ந்தால் குலுக்கல் கூடும். குலுக்கல் கூடினால் அடுத்த நட்டும் தளரும். இப்படியே விட்டால் ஒருநாள் ஏதாவது ஒன்று முறியும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் குழந்தை குட்டியோடு சாமி கும்பிடப் போகிறவர்கள். அதனால் வண்டியில் கேட்கிற புதுச் சத்தத்துக்கும் புது உதறலுக்கும் காது கொடுப்பது, அந்தத் தொழிலில் பிழைப்பு, உயிர் இரண்டுக்குமான விஷயம்.

நாயுடு அதைச் சரியாகச் செய்தார் என்பதற்கு அவருடைய வளர்ச்சியே சாட்சி. ஒரு பஸ் பல பஸ்களானது. யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சுருக்கமாக யு.எம்.எஸ்., நாட்டிலேயே ஒழுங்காக நடக்கும் பஸ் நிறுவனங்களில் ஒன்றாகப் பெயர் எடுத்தது. அவருடைய கண்டுபிடிப்புகளின் பட்டியலைச் சொல்கிறவர்கள், மோட்டார் வண்டிகளின் அதிர்வைச் சோதிக்கும் கருவி ஒன்றையும் அதில் சேர்த்துச் சொல்வதுண்டு. ஒற்றை சிலிண்டரில் ஆரம்பித்து பஸ் கூட்டமே வைத்து நடத்தியவருக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

கடல் கடந்து ஒரு சக பைத்தியம்

நாயுடு வயலில் திரிந்துகொண்டிருந்த காலத்திலேயே, இங்கிலாந்தில் ஒருத்தர் இந்த உதறலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பெயர் ஃபிரெடெரிக் லாங்செஸ்டர். 1868-ல் பிறந்தவர். பர்மிங்காமில் 1890-களின் நடுவில் சொந்தமாக கார் செய்தவர். இன்ஜின் குலுக்கலை ரப்பர் வைத்து மறைப்பதில் அவருக்குத் திருப்தி இல்லை. ஒரு குலுக்கலை அடக்க, அதற்கு நேர் எதிராக இன்னொரு குலுக்கலை உண்டாக்கினால் என்ன என்று யோசித்தார். கிரேங்க் ஷாஃப்ட்டைப்போல இரண்டு மடங்கு வேகத்தில், ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் சுற்றும் இரண்டு எடை வைத்த தண்டுகள். 1904-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார்.

பேலன்ஸ் ஷாஃப்ட் என்று இன்றைக்குக் கார் விளம்பரங்களில் பெருமையாகப் போடுகிறார்களே, அதன் வேர் அதுதான். லாங்செஸ்டர் கணக்குப் போட்டுப் பிடித்தார். நாயுடு கழற்றிப் போட்டுப் பிடித்தார். வழி வேறு, கேள்வி ஒன்று: இந்த உதறல் எங்கிருந்து புறப்படுகிறது?

இப்போ உங்க காருக்கு வருவோம்

அதே கேள்வியை உங்கள் காரிடம் கேட்டுப் பாருங்க. ஸ்பேனர் எதுவும் வேண்டாம். கேட்கவேண்டியது மூன்றே மூன்று: எப்போது உதறுகிறது, எங்கே உதறுகிறது, எதோடு சேர்ந்து மாறுகிறது?

முதல் சோதனை, வண்டி நிற்கும்போது. நியூட்ரலில் இன்ஜினை மெதுவாக ரெய்ஸ் பண்ணுங்க. நின்ற இடத்திலேயே உதறல் வந்தால் சக்கரத்தின் மேல் பழி போடாதீர்கள். பிளக், இக்னிஷன் காயில் கோளாறால் ஒரு சிலிண்டர் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம். மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்பார்கள். அல்லது இன்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் கிழிந்திருக்கலாம்.

இரண்டாவது சோதனை, ஓடும்போது. 70-ல் போகையில் உதறுகிறது என்றால், பாதுகாப்பான காலி ரோட்டில் அதே 70-ல் ஒரு கியரைக் குறைத்துப் பாருங்க. இன்ஜின் வேகம் ஏறும், வண்டி வேகம் மாறாது. உதறல் மாறாமல் அப்படியே இருந்தால் குற்றவாளி சக்கரம், டயர், ஆக்ஸில் பக்கம். உதறலும் கூடவே மாறினால் இன்ஜின், கிளட்ச் பக்கம். ஒரே நிமிஷத்தில் பாதி வண்டியை சந்தேக லிஸ்ட்டில் இருந்து நீக்கியாச்சு!

மூன்றாவது, உடம்பில் எங்கே தெரிகிறது? ஸ்டீயரிங் ஆடினால் பெரும்பாலும் முன் சக்கரம். சீட்டும் தரையும் அதிர்ந்தால் பின் சக்கரம். சந்தேகமா? முன் சக்கரங்களையும் பின் சக்கரங்களையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டுங்க. நான்கும் ஒரே அளவு டயராக இருக்கணும், அவ்வளவுதான். உதறல் கையில் இருந்து சீட்டுக்கு இறங்கிவிட்டால், சக்கரம்தான் என்று கையும் களவுமாகப் பிடித்தாச்சு.

நாம் ஆரம்பத்தில் சொன்ன 80 - 90 உதறல் இந்த வகைதான். வீல் பேலன்ஸிங் போன கதை. ரிம்மின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன எடை விழுந்திருந்தால்கூடப் போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 14 இன்ச் ரிம் உள்ள சின்ன காரில், ஒரு பக்கம் வெறும் 20 கிராம் எடை வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 12 முறை சுற்றுகிறது. அந்த 20 கிராம், சுமார் 2 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கிறது. அந்த இழுப்பு சக்கரத்தோடு சேர்ந்து மேலே, கீழே, முன்னே, பின்னே என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. 40-ல் போனால் இழுப்பு அரை கிலோதான். வேகம் இரட்டிப்பானால் இழுப்பு நான்கு மடங்கு.

அப்படியானால் வேகம் ஏற ஏற உதறலும் ஏறிக்கொண்டே போகணுமே, சில கார்களில் 100-ஐத் தாண்டினால் ஏன் குறைகிறது? தூளி ஆட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூளிக்கு என்று ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்துக்குத் தட்டினால் சின்னத் தட்டுக்கே பெரிதாக ஆடும். தாளம் தப்பினால் ஆட்டம் அடங்கும். சஸ்பென்ஷனோடு சேர்ந்த சக்கரத்துக்கும் அப்படி ஒரு தாளம் இருக்கிறது. சக்கரம் சுற்றும் வேகம் அதோடு ஒத்துப்போகிற இடத்தில் உதறல் உச்சத்துக்குப் போகும். அதனால்தான் குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் இந்த ஆட்டம்.

இங்கே பலர் குழம்புகிற ஒரு விஷயம். அலைன்மென்ட் வேறு, பேலன்ஸிங் வேறு. வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட். வேகத்தில் உதறினால் பேலன்ஸிங். ஒன்றுக்கு மற்றொன்று மருந்தாகாது.

பேலன்ஸிங் செய்தும் போகவில்லையா? ரிம் வளைந்திருக்கிறதா, டயரில் எங்காவது புடைப்பு இருக்கிறதா என்று சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்க. புடைத்த டயர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மாற்றிவிடுங்க. வேகத்தில் வெடிக்கக்கூடியது அது. மழைக்காலத்தில் தோட்டத்துப் பக்கம் போய்விட்டு வந்தீர்களா? ரிம்மின் உள்பக்கம் சேறு ஒட்டிக் காய்ந்திருக்கலாம். அதற்கு மருந்து தண்ணீரும் பிரஷ்ஷும்தான். பல நாள் ஒரே இடத்தில் நின்ற வண்டி என்றால் டயரின் அடிப்பக்கம் தட்டையாகி இருக்கும். சில கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் சரியாகலாம்.

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறுகிறதா? கொடைக்கானலில் இருந்தோ சிறுமலையில் இருந்தோ இறங்கி வந்த பிறகு இது தெரிந்தால், பிரேக் டிஸ்க்கைப் பாருங்க. மலை இறக்கம் முழுக்க பிரேக்கிலேயே காலை வைத்து வந்தால் டிஸ்க் அளவுக்கு மேல் சூடாகும். பிரேக் பேடின் பொருள் அதன் மேல் திட்டுத் திட்டாகப் படிந்து, பிடிக்கும்போது தடதடக்கும். ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகவும்தான்.

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் உதறி, காலை எடுத்ததும் அடங்கினால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டைச் சோதிக்கச் சொல்லுங்க. வேகத்தோடு ஏறும் ஊஊம் என்ற ஓசை, வளைவில் திரும்பும்போது கூடிக் குறைந்தால் வீல் பேரிங்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. டயர் கழற்றி மாட்டிய மறுநாள் உதறல் வந்திருக்கிறதா? முதலில் ஓரமாக நிறுத்தி வீல் நட்டுகளைப் பாருங்க. வரிசையாக இறுக்காமல், எதிரெதிர் நட்டாக மாற்றி மாற்றி இறுக்கணும். 50 - 100 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி ஒருமுறை சரிபார்க்கணும். இந்த ஒன்றில் மட்டும் அலட்சியம் கூடாது பாஸ், சக்கரம் கழன்று ஓடினால் பின்னால் வருகிறவர் உயிருக்கும் ஆபத்து.

சுற்றுகிற எதுவும் சமமாகச் சுற்றணும்

சக்கரத்துக்குச் சொன்ன விதிதான் மின் மோட்டாருக்கும். உள்ளே சுற்றும் உருளை ஒரு பக்கம் கனத்தால் மோட்டார் உதறும், பேரிங் தேயும், கடைசியில் முழுசாகப் படுத்துவிடும். அப்படிப்பட்ட மோட்டாரை வெளிநாட்டில் இருந்து மட்டுமே வாங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1937-ல் நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவின் முதல் உள்நாட்டு மின் மோட்டாரைக் கோவையில் தயாரித்தார்கள். பீளமேட்டில் இருந்த அவர்களுடைய பட்டறை நேஷனல் எலெக்ட்ரிக் ஒர்க்ஸ். கோவை என்றாலே மோட்டாரும் பம்ப்செட்டும் என்று இன்று ஊர் உலகம் சொல்வதற்கு ஒரு தொடக்கம் அங்கே இருக்கிறது.

அதே காலகட்டத்தில் ஐரோப்பாவைச் சுற்றினார். கேமராவும் கையுமாகத் திரிந்தார். பேட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த 'ரேசன்ட்' என்ற ஷேவிங் ரேஸர் அவர் பெயரை வெளிநாடுகளுக்குக் கொண்டுபோனது. பழச்சாறு பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, முறைகேடு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீள்கிறது. 1941-ல், ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தயாரித்துத் தர முடியும் என்று அறிவித்தார்.

காலேஜ் ஆரம்பித்தவரே வெளியே வந்த கதை

1944-ல் மோட்டார் தொழிலில் இருந்து ஒதுங்கி, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் பணத்தைத் திருப்பினார். 1945-ல் அவருடைய முயற்சியிலும் நன்கொடையிலும் கோவையில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் உருவாயின. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் அவற்றுக்கு வைக்கப்பட்டது. அந்தப் பொறியியல் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி. ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் அதற்கு முதல்வராகவும் இருந்தார். செம இல்லையா?

ஆனால் நீடிக்கவில்லை. ஒரு இன்ஜினீயரை உருவாக்க நாலு வருஷம் எதற்கு, பாதி நேரத்தைப் பட்டறையில் போட்டால் இரண்டே வருஷம் போதும் என்பது அவர் கட்சி. பிரிட்டிஷ் அரசு ஒத்துக்கொள்ளவில்லை. பதவியை உதறிவிட்டு வெளியே வந்தார்.

இதில் யார் சரி? இன்றும் பதில் சொல்வது கஷ்டம். 20 கிராமுக்கு 2 கிலோ இழுப்பு என்று மேலே போட்ட கணக்கு கல்லூரிப் பாடத்தில் இருந்து வருவது. லாங்செஸ்டரின் பேலன்ஸ் ஷாஃப்ட்டும் கணக்கு இல்லாமல் வந்திருக்காது. ஆனால் அந்தக் கணக்கை முழுசாகத் தெரிந்துகொண்டு, ஒருமுறைகூட வீல் நட்டைக் கழற்றாமல் டிகிரி வாங்கி வெளியே வருகிறவர்கள் இன்றைக்கும் நம்மிடையே உண்டுதானே? நாயுடுவுக்குப் பயம் அதைப் பற்றித்தான்.

வராமலே போன கார்

நாயுடுவின் கதையில் ரொம்ப வலிக்கிற இடம் 1952. அந்த வருஷம் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் வெளிக்கொண்டுவந்தார். விலை 2,000 ரூபாய். நடுத்தரக் குடும்பத்துக்கு ஒரு கார் என்ற பேச்சு இந்தியாவில் பெரிதாக எழுவதற்கு வெகு காலம் முன்பே. ஆனால் தயாரிப்புக்குத் தேவையான லைசென்ஸ் அரசிடம் இருந்து வரவில்லை. கார் நின்றது.

உதறலுக்குக் காரணம் எங்கே என்று தேடிக் கண்டுபிடித்துச் சரிசெய்கிறவருக்கு, ஃபைல் எந்த மேஜையில் நிற்கிறது என்பதை மட்டும் சரிசெய்ய முடியவில்லை. வரிகளின் மேலும் அவருக்குக் கடும் கோபம். தான் உருவாக்கிய பொருட்களையே மக்கள் முன்னால் போட்டு உடைத்துக் காட்டினார். அதைப் பாராட்டியவர்களும் உண்டு, கண்டித்தவர்களும் உண்டு. ஒரு நட்டைக்கூட வீணாக்காமல் திரும்ப மாட்டிப் பழகிய கைகள் அவை. உடைக்கும்போது அந்தக் கைகள் என்ன பாடு பட்டிருக்கும்!

பிறகு கவனம் மண்ணுக்குத் திரும்பியது. பருத்தி, சோளம், பப்பாளி என்று புது ரகங்களில் இறங்கினார். சர் சி.வி.ராமனும் விஸ்வேஸ்வரய்யாவும் அவருடைய தோட்டத்தைப் பார்க்க வந்தார்கள். 1974 ஜனவரி 4-ம் தேதி நாயுடு மறைந்தார்.

மறுபடி பழனி ரோடு

கோவை அவிநாசி சாலையில், ஜி.டி.நாயுடு குடும்பத்தார் நடத்தும் ஜீடீ கார் மியூசியம் இருக்கிறது. ஒவ்வொரு காலத்திலும் இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் எப்படி எப்படியெல்லாம் அமைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று அங்கே நின்று நிதானமாகப் பார்க்கலாம். 2025 அக்டோபரில் அதே சாலையில் திறக்கப்பட்ட 10 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கும் ஜி.டி.நாயுடு பெயர்தான்.

அவரை நினைக்க அவ்வளவு தூரம்கூடப் போகவேண்டியதில்லை. அடுத்த முறை திண்டுக்கல் - பழனி ரோட்டில் ஸ்டீயரிங் உதறினால் பாட்டைக் கூட்டாதீங்க, குறைங்க. எத்தனை கிலோமீட்டர் வேகத்தில், கையிலா சீட்டிலா, பிரேக்கிலா ஆக்சிலரேட்டரிலா என்று கூட வருகிறவரை போனில் நாலு வரி குறித்துக்கொள்ளச் சொல்லுங்க. ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுக்கும்போது அந்த நாலு வரியையும் சேர்த்துக் கொடுங்க.

நல்ல மெக்கானிக் என்றால் அதைப் படித்ததும் முகம் மலர்ந்துவிடும். பில்லில் எழுதப்போவது சில நூறு ரூபாய் பேலன்ஸிங்கா, பல ஆயிரம் ரூபாய் பார்ட்ஸா என்பதைப் பல நேரம் அந்த நாலு வரிதான் முடிவு செய்யும்.